ரசாயன ஆலையில் ஆபத்தைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் சிப்காட்டில் குடிகாடு, ஈச்சங்காடு என்று ஊர்கள் ஆலைகளை ஒட்டியே இருக்கின்றன. ஆலையில் எங்கே, எது, எப்படித் தவறலாம் என்று குழுவாக உட்கார்ந்து அலசும் ஹேசாப் (HAZOP) கூட்டத்தில் நாம் கேட்கத் தவறும் ஒரு கேள்வி அந்த வீடுகள் வரை போகும்.

அதிகம் நடக்கும் தவறு, பிளான்ட் ஓடும்போது என்ன ஆகும் என்று மட்டும் யோசிப்பது. நின்றிருக்கும்போது? 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் என்ற ரசாயனம் கசிந்து 12 பேர் இறந்தது, ஊரடங்கில் உற்பத்தி நின்றிருந்த ஆலையில்தான். தொட்டியில் சும்மா கிடந்த ஸ்டைரீன் தானாகவே பாலிமராக மாறிச் சூடேறியது. வெப்பமானி அடியில் மட்டும் இருந்ததால் மேலே ஏறிய சூடு தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும், "பதினைந்து நாள் யாரும் தொடாவிட்டால்?" என்று கேளுங்கள்.

அப்புறம், 'கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது. நம் பக்கத்தில் இது செல்லாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மின்கம்பத்தைச் சாய்க்கும் அதே புயல் ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீரை விடும், டீசல் லாரியையும் நிறுத்தும். மூன்றும் ஒரே நாளில் போகும் என்று வைத்தே கணக்கிட வேண்டும். வெப்பம் உமிழும் வினையில் குளிர்நீர் நின்றால், சூடு ஏற ஏற வினையும் வேகம் பிடிக்கும். சரக்கைக் கலக்கும் அஜிடேட்டர் நின்றிருந்தால் ஊற்றிய சரக்கு கலக்காமல் தேங்கும். கரண்ட் வந்ததும் யோசிக்காமல் சுவிட்சைப் போட்டால் தேங்கிய அத்தனையும் ஒரே மூச்சில் வினைபுரியும். இந்த 'திரும்ப ஓட்டும்' நேரம் பல ஹேசாப் தாள்களில் இருப்பதே இல்லை.

தாளில் உள்ள பாதுகாப்பை நம்புவதும் தவறு. 1984இல் விஷவாயு கசிந்த போபால் ஆலையில் குளிர்விப்பான், வாயுவைக் கழுவி நச்சை நீக்கும் ஸ்க்ரப்பர், மிஞ்சிய வாயுவை எரிக்கும் எரிகோபுரம் மூன்றும் இருந்தன. முதலாவது நிறுத்தப்பட்டிருந்தது, கடைசியின் குழாய் கழற்றப்பட்டிருந்தது.

'தற்காலிகம்' என்று ஆய்வில்லாமல் குழாய் போடவும் கூடாது. இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் 1974இல் அப்படிப் போட்ட குழாய்க்குப் பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்ததைத் தவிர வேறு வரைபடம் இல்லை. அது உடைந்து வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள்.

சரி, கூட்டத்தில் யார் உட்கார வேண்டும்? வடிவமைப்பாளரோடு நைட் ஷிப்ட் ஆபரேட்டரும் கட்டாயம். "அந்த வால்வு தானா மூடுறதில்ல சார், ரெண்டு மாசமா கையாலதான் திருப்புறோம்" என்று அவர் சொல்லும்போதுதான் தாளில் இருந்த ஒரு பாதுகாப்பை அடித்து நீக்க வேண்டும் என்பதே தெரியவரும்.