புதுப் புத்தகத் தகவல் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்த கதை

எங்கள் கிளை நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்தால் அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) போடுவது என் வேலை. பாதிப் பேர் "ஒன்றும் வரவில்லையே சார்" என்றார்கள். நெட் கோளாறு இல்லை. நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும், அதுவும் ஒரு லிஸ்டுக்கு 256 பேர் வரைதான்.

சரி, குரூப் தொடங்கலாம் என்றால் அதில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும்; படிக்க வரும் பெண்பிள்ளைகளின் எண்ணை அப்படிப் பரப்ப எனக்கு மனமில்லை, போதாக்குறைக்குக் காலை வணக்கப் படங்கள் வேறு வந்து குவியும்.

கடைசியில் கைகொடுத்தது வாட்ஸ்அப்பில் 2023-இல் வந்த சேனல் வசதி. அதில் நடத்துபவர் மட்டும்தான் பதிவு போட முடியும், மற்றவர்கள் சேர்ந்து படிக்கலாம். சேர்ந்தவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. அதன் இணைப்பை க்யூஆர் கோடாக அச்சடித்து, புத்தகம் பதிந்து கொடுக்கும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் உடனே ஸ்கேன் செய்துகொண்டார்கள், பேப்பர் படிக்க வரும் பெரியவர்களுக்குத்தான் போனை வாங்கி நானே சேர்த்துவிட வேண்டியிருந்தது. அப்புறம் ஒன்று, சேனலில் நோட்டிபிகேஷன் தானாக ஒலிக்காது. மணிச் சின்னத்தைத் தட்டி ஆன் செய்யச் சொல்லிவிடுங்கள்.