வகுத்தலில் மீதியையும் கவனியுங்கள்
1-ஐ 7-ஆல் வகுக்கும்போது மீதிகளை ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள்: 1, 3, 2, 6, 4, 5, மறுபடியும் 1. மீதி திரும்பி வந்ததும் நிறுத்திவிடலாம். இனி விடையில் 142857 தான் சுழலும். 3/7 வேண்டுமா? புதிதாக வகுக்க வேண்டாம், அதே வட்டத்தில் 3-லிருந்து கிளம்பினால் 0.428571... வந்துவிடும். 1/12-க்கு மீதிகள் 1, 10, 4, 4 என்று போகும். கொஞ்சம் அலைந்துவிட்டு அப்புறம் 4-லேயே உட்கார்ந்துவிடும், அதனால்தான் 0.08333...

பத்தால் பெருக்கு, வகுத்து மீதியை எடு என்ற ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம், அவ்வளவுதான். ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் என்ன ஆகும் என்று ஆராயும் இயங்கு அமைப்புக் கோட்பாட்டில் இந்த மீதி வரிசைதான் சுற்றுப்பாதை. (பள்ளியிலேயே சொல்லியிருக்கலாம்!) விகிதமுறா எண்ணை (முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண்ணை) பத்தால் பெருக்கி முழு எண் பகுதியை நீக்கிக்கொண்டே போனால் வட்டமே அமையாது, தொடக்கத்தில் இருக்கும் சிறு பிழையும் ஒவ்வொரு அடியிலும் பத்து மடங்காகும்.