படகுக் கழிவறை நாற்றம் போன கதை

எங்கள் பாய்மரப் படகின் கழிவறையில், கடல்நீரை இழுத்துக் கழிவை வெளியே தள்ளும் கை பம்ப் போகப்போக இறுகிக்கொண்டே வந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். கடல்நீரும் சிறுநீரும் சேரும்போது கால்சியம் உப்புகள் குழாயின் உட்சுவரில் படிந்து கல்லாகிவிடும். தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அந்த முட்டை நாற்றம் இதுதான்.

முதல் வேலையாகப் படகின் அடிப்பகுதி வால்வுகளை மூடினோம். திறந்திருந்தால் கடலே உள்ளே வந்துவிடும். அப்புறம் கழிவுக் குழாயைக் கழற்றி மேல்தளத்தில் ஓங்கி அடித்தோம். வெள்ளைச் சில்லுகளாகக் கொட்டியது. கணவர் வாளியைப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதல் பயணம்தான், சரி! பம்பை ஒட்டியிருந்த ரப்பர் வால்வு வாய் பிளந்து கிடந்தது, புதிது போட்டோம்.

குழாயே நாற்றத்தை உறிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க, வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றி, ஆறியதும் முகர்ந்து பார்க்க வேண்டும். துணி நாறினால் குழாயை மாற்றுவதுதான் வழி. எங்களுடையதில் ஒரு துண்டு அப்படிப் போனது.

இப்போது படகை விட்டு இறங்கும் முன் கொஞ்சம் நன்னீர் ஊற்றி பம்ப் அடிக்கிறோம். அவ்வப்போது இரவில் வினிகர் ஊற்றி, குழாய்க்குள் இறங்கும் அளவு பம்ப் அடித்து, காலை வரை விட்டுவிடுகிறோம். பம்ப் லேசாக ஓடுகிறது.