சித்திரை, வைகாசிக் கொழும்பு: ஊர் பார்க்க வருபவர்கள் விடும் பிழைகள்

பங்குனி பாதி கழிந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் கேள்வி வந்துவிடும்: “புதுவருசத்துக்குக் கொழும்பு வாறம், எங்கெங்க போகலாம்?” யாழ்ப்பாணம், மட்டக்களப்புக்காரர் கேட்டுவிட்டு டிக்கெட் எடுப்பார்கள். லண்டன், டொரண்டோக்காரர் டிக்கெட்டை எடுத்துவிட்டுக் கேட்பார்கள். வீடு வெள்ளவத்தையில் இருப்பதால் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு திரிவது என் தலையில். தண்ணீர் கொண்டுபோங்கள், விகாரைக்கு அரைக்காற்சட்டையோடு போகாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுவோம். ஒரு காலத்தில் எங்கள் வீட்டாரும் செய்து, இப்போது புதிதாக வருகிறவர்களும் தவறாமல் செய்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரல் 13, 14இல் கொழும்பில் நிற்கத் திட்டம் போடுவது

இதைப் பற்றி எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. நாள்காட்டியில் சிவப்பாக இருக்கும் நாளில்தான் கொண்டாட்டம் உச்சத்தில் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். மற்ற ஊர்களில் சரி. கொழும்பில் நேரெதிர். இந்த நகரத்தில் கடையிலும் சாப்பாட்டுக்கடையிலும் சலூனிலும் வேலை செய்கிறவர்கள், ஓட்டோ ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர். மலையகம், குருநாகல், மாத்தறை, யாழ்ப்பாணம் என்று 10ஆம் திகதியிலிருந்தே கிளம்பிவிடுவார்கள். கோட்டை ரயில் நிலையத்திலும் பெஸ்டியன் மாவத்தை பஸ் நிலையத்திலும் நிற்க இடமிருக்காது. நீங்கள் 12ஆம் திகதி கொழும்புக்கு வரும் பஸ்ஸில் பாதி இருக்கை காலியாக இருக்க, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் மிதிபலகை வரை நிரம்பியிருந்தால் அப்போதாவது யோசிக்க வேண்டும்.

சரி, ஒரு நாள்தானே, மறுநாள் திறந்துவிடுவார்களே என்பார்கள். அப்படியில்லை. சிங்கள மரபில் சூரியன் மீனத்திலிருந்து மேடத்துக்கு மாறும் நேரத்துக்கு முன்னும் பின்னும் 6 மணி 24 நிமிடம், மொத்தம் 12 மணி 48 நிமிடம் நோனகத. அந்த நேரத்தில் அடுப்பு மூட்டுவதில்லை, வேலை செய்வதில்லை. அது முடிந்த பிறகு அடுப்பு மூட்ட ஒரு சுபநேரம், முதற்சாப்பாட்டுக்கும் கைவிசேஷத்துக்கும் ஒன்று, தலைக்கு எண்ணெய் வைக்க வேறொரு நாள், வேலைக்குப் புறப்பட அதற்கும் பிந்தி இன்னொரு நாள். எல்லாரும் அந்த நேரம் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள் என்றில்லை, ஆனால் ஊருக்குப் போனவர் திரும்பாமல் இருக்க அது நல்ல சாட்டு. 2024இல் நோன்புப் பெருநாளும் அதே வாரத்தில் வந்து சேர்ந்ததில் விடுமுறை இன்னும் நீண்டது.

டொரண்டோவிலிருந்து சித்தப்பாவின் மகன் குடும்பத்தோடு வந்தான். 12ஆம் திகதி இரவு இறங்கி, 15ஆம் திகதி காலை யாழ்ப்பாணம் போவது திட்டம். கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டி உடைப்பது, வழுக்கு மரம் ஏறுவது எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். 14ஆம் திகதி காலை கோயிலுக்குப் போனார்கள், அது நன்றாக இருந்தது. பிறகு காலி வீதியில் நடந்தால் இரண்டு பக்கமும் ஷட்டர் இறங்கியிருக்கிறது. பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு, மத்தியானச் சாப்பாட்டை வெளியில் பார்த்துக்கொள்வோம் என்று அவனே சொல்லியிருந்தான். ஒரு கடையும் இல்லை. கடைசியில் ஒரு பெரிய ஹோட்டலில் பஃபே சாப்பிட்டதில், நான்கு பேருக்குமாகப் போன காசு அந்த மூன்று நாள் ஃபிளாட் வாடகையைவிட அதிகம். “அண்ணா, கொழும்பில புதுவருசம் எண்டா இவ்வளவுதானா?” என்று கேட்டானே, அதுதான் இன்னும் குத்துகிறது. எங்கள் ஒழுங்கையின் விளையாட்டுப் போட்டி அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை அமளிதுமளியாக நடந்தது, அவன் அப்போது திரும்பிப் போய்விட்டான். இதில் வேடிக்கை, இந்த முறை அவனுடைய மைத்துனன் அதே திகதிகளில் டிக்கெட் எடுத்துவிட்டு என்னிடம் யோசனை கேட்கிறான்.

ஆகவே இரண்டில் ஒன்று செய்யுங்கள். ஏப்ரல் முதல் பத்து நாளுக்குள் வந்தால் புறக்கோட்டையைப் பார்க்கலாம்: நடைபாதை முழுக்க உடுப்பும் செருப்பும் சட்டிபானையும், கத்திக் கூப்பிட்டு விற்பதும், தள்ளுமுள்ளும். வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டிய கூட்டம் அது. அல்லது 20ஆம் திகதிக்குப் பிறகு வாருங்கள். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், தெஹிவளை, வத்தளை என்று ஒழுங்கைக்கு ஒழுங்கை, கழகத்துக்குக் கழகம் போட்டி வைப்பார்கள், மே மாதம் வரைக்கும் இழுபடும். கயிறிழுத்தல், தலையணைச் சண்டை, யானைக்குக் கண் வைத்தல், தேங்காய் துருவல், பணிஸ் தின்னும் போட்டி, சங்கீதக் கதிரை. இவற்றுக்கு விளம்பரம் இருக்காது, சந்தியில் ஒரு பேனர் கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பகுதி ஓட்டோக்காரரிடம் கேட்டால் சொல்வார். வெளியாள் என்று யாரும் பார்ப்பதில்லை, கயிறிழுக்க ஆள் குறைந்தால் உங்களையும் பிடித்து நிறுத்திவிடுவார்கள்.

13, 14இல்தான் வர முடியும் என்றால் கோயிலை மையமாக வைத்துத் திட்டமிடுங்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரரைக் காலையில் பாருங்கள், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த அந்த மண்டபத்தின் குளிர்ச்சி வெளியில் எங்கும் கிடைக்காது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வருடப் பிறப்புக்கு வேறு வேறு நேரம் சொல்லும், புண்ணியகாலமும் அதற்கேற்ப மாறும், போகிற கோயில் எதைப் பின்பற்றுகிறது என்று முதலே கேளுங்கள். புதுவருடத்துக்குத் தலையில் வைத்து முழுகும் மருத்துநீருக்கு முதல் நாளே போத்தலோடு போய்விடுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டையும் சொந்தக்காரர் வீட்டில் உறுதிசெய்யுங்கள். அது சரிவராவிட்டால் மருதானை, தெமட்டகொடைப் பக்கம் முஸ்லிம் கடைகள் திறந்திருக்கும்.

வெசாக் தோரணம் பார்க்கக் காரில் போவது

வெசாக் பௌத்தர்களின் பௌர்ணமிப் பண்டிகை, தோரணம் என்றால் புத்தரின் முற்பிறவிக் கதையைப் படமும் பல்புமாகச் சொல்லும் பெரிய அலங்காரப் பந்தல். போயா (பௌர்ணமி) இரவில் கார் என்பது, நான்கு மணி நேரம் உட்கார்ந்து முன்னால் போகிற வானின் பின்பக்கத்தைப் பார்ப்பதற்கு. பொரளை, தெமட்டகொடை, தொட்டலங்க, பேலியகொட தோரணங்களை ஒரே இரவில் சுற்றி முடிக்கலாம் என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு வாதாடுபவர்கள் உண்டு, வாதாட விடுங்கள். தோரணங்கள் போயாவோடு அணைந்துவிடுவதில்லை, அடுத்த சில இரவுகளும் எரியும். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் மூன்றாம் நாள் போங்கள். ஒரு தோரணத்தின் முன் நின்று, ஒலிபெருக்கியில் பாடிச் சொல்லும் ஜாதகக் கதையை, படம் படமாகப் பல்பு எரிந்து அணைய முழுதாகப் பார்ப்பதில் இருக்கும் சுகம் ஐந்து தோரணத்தை ஓடி ஓடிப் படம் பிடிப்பதில் இல்லை. போயா அன்றுதான் போக வேண்டுமென்றால் கங்காராமை, பேர வாவிப் பக்கம் மட்டும், அதுவும் நடந்து.

மழையை மறப்பது

ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வருகிறது. காலையில் தலை வெடிக்கும் வெயில், பின்னேரம் இடி மின்னல். விளையாட்டுப் போட்டி காலை எட்டுக்குத் தொடங்கும் என்றால் எட்டுக்கே போங்கள். மூன்று மணிக்கு வழுக்கு மரம் பார்க்கலாம் என்று ஆறுதலாக வருபவர் இடிக்குப் பயந்து கூடாரத்துக்குள் நின்றுவிட்டுத் திரும்புவார். மே மாதம் வேறு கதை, தென்மேற்குப் பருவமழை நெருங்கும் காலம். 2016இல் களனி கங்கை பெருகி வெள்ளத்தில் நகரின் ஓரம் மூழ்கியது வெசாக் வாரத்தில்தான். மே மாதப் பயணத்தில் ஒரு நாளாவது வெறுமையாக விடுங்கள்.

“அப்படியே நுவரெலியா சீசனையும் ஒரு நாளில் பார்த்துவிடலாம்”

முடியாது.

ஆடிவேலைச் சித்திரையில் தேடுவது

கொழும்பில் முருகனுக்கு எடுக்கும் வேல் விழா அது, பெயரிலேயே மாதம் இருக்கிறது.

ஈஸ்டர் நாட்களில் பெரிய பையோடு தேவாலயம் போவது

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்த நாட்களில் தேவாலய வாசலில் சோதனை கடுமை. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவதென்றால் கையை வீசிக்கொண்டு போங்கள்.

முதலில் கண்ட தன்சலிலேயே வயிற்றை நிரப்புவது

தன்சல் என்றால் வருகிற எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல். வெசாக் இரவில் சோறும் நூடில்ஸும் அவித்த கடலையும் மரவள்ளிக்கிழங்கும் வரிசையாகக் கிடைக்கும். கண்ட முதல் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று சோற்றை வெட்டிவிட்டு, பிறகு தெருமுனையில் இருப்பதைப் பார்த்து ஏங்குபவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு நில்லுங்கள். வாங்கியதை வீணாக்காதீர்கள், கொடுப்பவர்கள் எதிரில்தான் நிற்கிறார்கள். ஐஸ்கிரீம் தன்சல் மட்டும் விதிவிலக்கு. கண்டவுடன் வரிசையில் சேருங்கள், அது சீக்கிரம் முடிந்துவிடும்.