பாட்டு வகுப்பில் ஸ்பீக்கரும் மைக்கும்: எங்கே சிக்கல், எப்படிச் சரிசெய்வது

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும்போது முதலில் தொல்லை கொடுப்பது ப்ளூடூத் ஸ்பீக்கர்தான். போனில் தட்டியதற்கும் ஸ்பீக்கரில் ஒலி வருவதற்கும் நடுவே 100 முதல் 200 மில்லிசெகண்டு வரை, சில நேரம் அதற்கு மேலும் தாமதம் ஆகும். பதிவான பாட்டை ஓடவிட்டுக் கேட்க இது பொருட்டே இல்லை, ஆனால் கீபோர்டு ஆப்பில் நீங்கள் ஸ்வரம் வாசிக்க, பிள்ளைகள் உங்கள் விரலைப் பார்த்துக் கைதட்டினால் தாளம் கண்டிப்பாக முன்பின்னாகும். போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஆக்ஸ் வயரில் இணையுங்கள். போனில் அந்தத் துளை இல்லையென்றால் டைப்-சி கன்வெர்ட்டர் ஒன்று போதும்.

அப்புறம் சுருதி. தம்புரா ஆப்பைப் போனின் சின்ன ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டால் கீழ் ஸட்ஜம், அதாவது தாழ்ந்த 'ஸ' ஸ்வரம், எழும்பாது, வகுப்பே சேர்ந்து பாடும்போது சுருதி காதில் விழவே விழாது. அதற்காக வெளி ஸ்பீக்கரில் சத்தத்தை ஏற்றிவிடவும் வேண்டாம், சத்தம் கூடினால் பிள்ளைகளும் அதற்கு மேல் கத்துவார்கள், தொண்டைதான் கெடும். ஸ்பீக்கரை மேசையில், அவர்கள் காது உயரத்தில், பக்கத்திலேயே வைத்துக் குறைந்த சத்தத்தில் விடுங்கள்.

மைக் ஊளையிட்டால் பாடும் பிள்ளையை ஸ்பீக்கருக்குப் பின்னால் நிறுத்துங்கள், வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்க விடாதீர்கள், பொத்தினால் ஊளை இன்னும் கூடும். பத்துக்குப் பத்து அறையில் மைக்கே தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பிள்ளைகள் பாடுவதைப் பதிவு செய்கிறீர்களா? முதலில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மின்விசிறியை நிறுத்துங்கள். வீடியோ காலில் நடத்தினால் இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது தம்புராவையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.