சமதரை வீதியில் பாதம் ஏன் எரிகிறது? நீண்ட சைக்கிள் ஓட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் வீதி கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று நூறு கிலோமீற்றருக்கு மேல் கடலோரமாக நீள்கிறது. பெரும்பாலும் சமதரை. மேடு இல்லாததால் காலுக்குச் சிரமம் இராது என்று எண்ணிப் புறப்படுகிறவர்கள் பலர். ஆனால் பாதத்துக்குச் சமதரைதான் கடினம். பதுளைப் பக்கம் ஏறுகிறவர் இறக்கத்தில் மிதிக்காமல் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். இங்கே மணிக்கணக்கில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதத்தின் ஒரே இடத்தில் விழும் அழுத்தம் விலகுவதே இல்லை.

அந்த இடம் முன்பாதம். விரல்களுக்குச் சற்றுப் பின்னால் ஐந்து நீள எலும்புகளின் முனைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் இடையே நரம்புகள் ஓடுகின்றன. கீழிருந்து பெடலும் பக்கங்களிலிருந்து சப்பாத்தும் நெருக்கும்போது அந்த நரம்புகள் நசிகின்றன. முதலில் விறைப்பு, பிறகு எரிவு, அதன்பின் தணலை மிதித்தது போன்ற வேதனை. “ஓட ஓடப் பழகிவிடும்” என்று பல்லைக் கடிப்பதையே முதல் தவறாகச் சொல்வேன். தசை பழகும். நசியும் நரம்பு பழகாது.

றப்பர் செருப்போடு நெடுந்தூரம் ஓடுவது நம் பக்கத்தில் சாதாரணம். சந்தைக்கும் வயலுக்கும் அது போதும். இரண்டு மணித்தியாலம் தாண்டினால் போதாது. மெல்லிய அடி பெடலின் மேல் வளைந்து கொடுக்க, முழுப் பாரமும் ஒரு விரலளவு இடத்தில் இறங்குகிறது. செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்களும் ஓயாமல் இறுக்கிப் பிடிக்கின்றன. உள்ளங்காலில் தசைப்பிடிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மெத்தென்ற ஓட்டச் சப்பாத்தும் இதே குறையுள்ளது. கையால் மடித்துப் பார்த்து, எளிதில் வளையாத அடியுள்ளதாகத் தெரிவுசெய்யுங்கள். மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். வெயிலில் ஓடும்போதும் அப்படியே வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்த சப்பாத்து கல்முனையை அடையும்போது இறுகிவிடுவது இதனால்தான். கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கி, விரல் பக்கம் தளர்த்தி விடுங்கள். விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிய வேண்டும்.

சப்பாத்தை மாற்றியும் எரிவு நிற்கவில்லை என்றால் பெடலைப் பாருங்கள். றப்பர் தேய்ந்து நடு அச்சு துருத்திக்கொண்டிருக்கும் பழைய பெடலை நான் ஒரு நாளும் நெடும் பயணத்துக்கு ஏற்கமாட்டேன். அகலமான தட்டைப் பெடல் அழுத்தத்தைப் பரப்புகிறது. பாதத்தை அதில் எங்கே வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். விரல் நுனியால் மிதிக்காதீர்கள். எரிவு வருகிறவர்கள் பாதத்தை இன்னும் சற்று முன்னே தள்ளி, முன்பாதத்துக்குப் பின்னால் பெடலின் அச்சு வருமாறு வைக்க வேண்டும். பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளிப் அடியில் உள்ள சப்பாத்து என்றால் கிளிப்பைச் சில மில்லிமீற்றர் குதிகால் பக்கம் நகர்த்தினால் அதே பலன் கிடைக்கும்.

சீற் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்து அதை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் முழங்கால் நேராக வேண்டும். அதற்கு மேல் உயர்த்தினால் கால் எட்டாமல் விரல் கீழ்நோக்கி நீளும். முன்பாதமும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணும் சேர்ந்து நோகும்.

கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே போகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. காற்று எதிர்த்தால் வேகத்தை விடக் கூடாது என்று கனத்த கியரிலேயே மெல்ல மெல்ல அழுத்தி மிதிக்கிறார்கள். ஒவ்வொரு மிதியிலும் பாதம் தாங்கும் அழுத்தம் கூடுகிறது. இலேசான கியருக்கு இறங்கி விரைவாகச் சுற்றுங்கள். வலது கால் பதினைந்து செக்கனில் 20 தடவை சுற்றினால் நிமிடத்துக்கு 80 ஆகிறது. அது நல்ல அளவு. 15 தடவைக்குக் குறைந்தால் கியர் கனம். கியர் இல்லாத சைக்கிள் என்றால் வேகத்தை விட்டுக்கொடுங்கள், அல்லது பின்சக்கரத்தில் பல் கூடிய பிறீவீல் போட்டுக்கொள்ளுங்கள்.

எரிவு முற்றும் வரை காத்திருக்காமல், அது தொடங்கியதுமே ஒரு மரநிழலில் நின்று சப்பாத்தைக் கழற்றி விரல்களை விரித்து மடக்குங்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு தொடர்ந்து ஓடுவது ஆபத்தானது. நசிவு தொடர்கிறது, அறிவிப்பு மட்டும் நின்றுவிடுகிறது.

நீரிழிவு உள்ளவர்களை இங்கே தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். நோகவில்லை என்பதை நம்ப வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு கொப்புளம் இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றவர்களும், விறைப்பு மறுநாளும் தொடர்ந்தால் அல்லது ஓடாத நேரத்திலும் வந்தால், சைக்கிளை நிறுத்திவைத்துவிட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும்.