சிறுவர் நீர்வண்ணப் பயிற்சி: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்வண்ணம் பழகும் சிறு குழந்தைகளிடம் நாம் காணும் குறைகளில் பெரும்பாலானவை அவர்கள் செய்தவை அல்ல. அருகில் அமர்ந்திருக்கும் நாம் செய்தவை.

முதல் தவறு தாளிலேயே தொடங்கிவிடுகிறது. அச்சு இயந்திரத்துக்கு வாங்கும் தாளின் எடை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 80 கிராம்தான். ஈரம் பட்டதும் அது நெளிந்து, பள்ளங்களில் வண்ணம் குளமாகத் தேங்கி, இரண்டாம் முறை தூரிகை பட்டால் நார் நாராக உரிந்துவிடும். தாளின் குறையைத் தன் கையின் குறையாகக் குழந்தை எண்ணிக்கொள்வதுதான் இதில் வருத்தமான செய்தி. 300 கிராம் நீர்வண்ணத் தாளை நான்காக வெட்டி, ஒரு துண்டு மட்டும் கொடுப்பது மேல்; பின்புறமும் பயன்படும்.

இருபத்து நான்கு வண்ணங்கள் கொண்ட பெட்டியை ஒரே நாளில் திறந்து வைப்பது அடுத்த தவறு. பச்சை ஆயத்தமாக இருக்கும்போது அதைக் கலந்து பார்க்கக் குழந்தைக்குக் காரணம் ஏது? சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றுடன் தொடங்குங்கள். ஈரமான மஞ்சளின் ஓரத்தில் ஒரு துளி நீலத்தை வைத்தால், அது மெல்லிய வேர்களைப் போலப் பரவி, சேரும் இடத்தில் பச்சையாக மாறும். அந்த அரை நிமிடம் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அப்போது நாம் பேசாமலிருப்பது நல்லது. மூன்றும் கலந்து பழுப்பானால் தாளைப் பிடுங்க வேண்டாம், அதுவும் ஒரு கண்டுபிடிப்பே. ஆனால் எல்லா வண்ணமும் மங்கலாகவே வருகிறதென்றால் அழுக்கு நீரைச் சோதியுங்கள்: கழுவ ஒரு கிண்ணம், வண்ணம் கரைக்க இன்னொன்று என இரண்டு தேவை.

சிறிய கைக்குச் சிறிய தூரிகை என்பதும் தவறான கணக்கு. மெல்லிய தூரிகையில் நீர் நிற்காது. 8 அல்லது 10 எண் கொண்ட உருண்டைத் தூரிகை போதும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு நம் குறுக்கீடு. பென்சிலால் வீடு ஒன்றை வரைந்து கொடுத்து, கோட்டைத் தாண்டாமல் நிரப்பச் சொல்கிறோம். கோட்டைத் தாண்டி ஓடுவதே நீரின் இயல்பு. ஒருமுறை, நான்கு வயதுக் குழந்தை தீட்டிய வானத்தில் விட்டுப்போன வெள்ளைத் திட்டை நான் நிரப்பிவிட்டேன். “அது மேகம்” என்று சொல்லிவிட்டு, அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். அந்தத் தாளை அவள் மறுபடி தொடவே இல்லை. தாளின் வெண்மையே நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் என்பதை நான்தான் மறந்திருந்தேன். “இது என்ன படம்?” என்று மூன்று வயதுக் குழந்தையைத் துளைப்பதையும் தவிர்க்கலாம், “மேலே நீலம் அடர்த்தியாக இருக்கிறது, கீழே வெளிறியிருக்கிறது” என்று கண்டதைச் சொன்னால், குழந்தை தானாகவே பேசத் தொடங்கும்.

ஈரம் காயுமுன் மேலே தீட்டினால் வண்ணம் பரவும், காய்ந்தபின் தீட்டினால் விளிம்பு நிற்கும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட இரண்டு தாள்களை அருகருகே வைத்துச் செய்யவிடுவது எளிது. ஒன்று காயும்வரை மற்றொன்றில் கை வேலை செய்யும்.

ஓவியர்களுக்கான வண்ணங்கள் சிலவற்றில் காட்மியம் போன்ற உலோகச் சேர்மங்கள் உண்டு என்பதால், குழந்தைகளுக்கு உரியது, நச்சற்றது என்ற குறிப்புள்ளதையே வாங்குங்கள். குடிநீர்க் குவளையை அந்த மேசையில் வைக்காதீர்கள்.